தானே விதைத்துக்கொள்ளும் செடிகளை எப்போது வெட்டுவது?

கேள்வி இதுதான்: தோட்டத்தில் தாமாகவே விதை உதிர்த்துப் பெருகும் பல்லாண்டுச் செடிகள் நிறைய இருக்கின்றன. பூ முடிந்தவுடன் வெட்டிவிட வேண்டுமா, விதை உதிரும்வரை விட்டுவைக்க வேண்டுமா, இல்லை குளிர்காலம் கழிந்ததும் மொத்தமாக வெட்டினால் போதுமா? ஒருவர் ஒன்று சொல்கிறார், இன்னொருவர் நேர்மாறாகச் சொல்கிறார். யாரை நம்புவது?

இரண்டு பேரையும் நம்பலாம். அவர்கள் பேசுவது ஒரே வேலையைப் பற்றி அல்ல, அதுதான் குழப்பம். 'வெட்டுவது' என்ற ஒரு சொல்லுக்குள் இரண்டு வேலை ஒளிந்திருக்கிறது. விதை மண்ணில் விழாமல் இருக்க, வாடிய பூவையும் காயையும் எடுப்பது ஒன்று. ஓய்ந்துபோன தண்டையும் தழையையும் தூர் அருகே வெட்டிச் செடியைப் புதுப்பிப்பது இன்னொன்று. முதல் வேலைக்கு நாள் குறிப்பது விதைக்காய். இரண்டாவது வேலைக்கு நாள் குறிப்பது அடியில் எட்டிப் பார்க்கும் குருத்தும் வரப்போகும் பருவமும். இரண்டையும் ஒரே நாளில் முடித்துவிடலாம் என்று நினைப்பவர்களின் தோட்டத்தில்தான் அடுத்த வருடம் நடக்க இடம் இருக்காது. அல்லது ஆசைப்பட்டு வளர்த்த செடியே காணாமல் போயிருக்கும்.

முதலில் விதை விஷயத்தைப் பார்ப்போம், சிக்கல் அதில்தான் அதிகம்.

பூ வாடியதற்கும் விதை முற்றி விழுவதற்கும் நடுவே சில வாரங்கள் கிடைக்கும். அந்த இடைவெளிதான் உங்கள் அவகாசம். காய் பச்சையாக இருக்கும்போது ஒன்றைப் பறித்து நகத்தால் நசுக்கிப் பாருங்கள். உள்ளே தண்ணீரோ பாலோ போல வந்தால் விதை இன்னும் விதையாகவில்லை. வெட்டி எங்கே போட்டாலும் பெரும்பாலும் பயமில்லை. நசுங்க மறுத்து, உள்ளே பழுப்பாகவோ கறுப்பாகவோ இருந்தால் அது முற்றிவிட்டது, வெளித்தோல் பச்சையாக இருந்தாலும் சரி. காய் மஞ்சளித்து, காம்பும் காய்ந்து, ஆட்டினால் சலசலக்கும் நெற்றாகிவிட்டால் கணக்கு வாரத்தில் இல்லை, நாளில் இருக்கிறது. சில செடிகளுக்கு அடுத்த காற்று வரைதான்.

இதில் பலரும் ஏமாறுவது கதிராகப் பூக்கும் செடிகளிடம். துளசியை எடுத்துக்கொள்ளுங்கள். கதிரின் நுனியில் இன்னும் பூ இருக்கும், தேனீ வந்துகொண்டிருக்கும், 'பூ முடியட்டும், அப்புறம் கிள்ளலாம்' என்று தோன்றும். ஆனால் கதிர் கீழிருந்து மேலே முற்றுகிறது. நுனியில் கடைசிப் பூ விரியும் நேரத்தில் அடிவரிசை விதைகள் மண்ணுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். சால்வியா, லூபின், ஃபாக்ஸ்குளோவ் எல்லாம் இதே வகை. எனவே கதிரில் முக்கால் பங்கு பூத்து முடிந்து, அடிப்பகுதி பழுப்பேறத் தொடங்கும்போதே கத்தரியை எடுத்துவிட வேண்டும். நுனியில் மிஞ்சிய நாலு பூவைப் பார்த்து மனம் இரங்கினால், அந்த இரக்கத்தின் விலை நானூறு நாற்று.

சாமந்திக் குடும்பத்துப் பூக்களான எக்கினேசியா, ருட்பெக்கியா, கையார்டியா போன்றவற்றில் இதழ் உதிர்ந்த பிறகும் நடுக்கொண்டை பல வாரம் விதையைப் பிடித்து வைத்திருக்கும். அவசரமில்லை. அதே குடும்பத்தில் ஆஸ்டர், கோல்டன்ராட் போலப் பஞ்சு கட்டிப் பறப்பவை வேறு ரகம். பஞ்சு விரிந்த பிறகு கத்தரி வைப்பது விதைப்பதற்குச் சமம். நீங்கள் தண்டைத் தொட்ட அதிர்விலேயே பாதி பறந்துவிடும். பூவின் நிறம் மங்கி, பஞ்சு எட்டிப் பார்ப்பதற்கு முன்பே வெட்டிவிடுங்கள். வெட்டியதை அங்கேயே தரையில் போடவும் கூடாது. இந்தக் குடும்பத்தில் பல செடிகளின் பூ, வெட்டிய தண்டில் மிஞ்சியிருக்கும் சத்தைக் கொண்டே விதையை முற்ற வைத்துவிடும். பிடுங்கிப் போட்ட டான்டிலையன் பூ மறுநாள் பஞ்சாகி நிற்பதைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

வெடித்துச் சிதறும் காய்கள் தனிக் கதை. அதிலும் இரண்டு சாதி உண்டு. இந்த வேறுபாட்டைத் தெரிந்துகொள்ளாமல் நான் பல வருடம் தவறான நேரத்தில் வெட்டிக்கொண்டிருந்தேன்.

ஒரு சாதி, காய்ந்தால் வெடிப்பவை. சங்குப்பூ, லூபின் போன்ற அவரைக் குடும்பத்து நெற்றுகள் வெயிலில் முறுக்கிக்கொண்டு பட்டென்று பிளந்து விதையைத் தூர எறியும். ஜெரேனியத்தின் காய் கவண் போல விதையை விசிறும். யூஃபோர்பியாவும் நல்ல வெயிலில் படபடக்கும். இவற்றை அதிகாலையில் பனி ஈரம் இருக்கும்போதே வெட்ட வேண்டும். உளுந்தும் எள்ளும் அறுப்பவர்கள் விடியலில் வயலில் இறங்குவதன் காரணமும் இதுதான்: ஈரத்தில் நெற்று துவண்டு கிடக்கும், மதியத்தில் கை பட்டாலே கொட்டிவிடும்.

இன்னொரு சாதி, நனைந்தால் வெடிப்பவை. கனகாம்பரம் இதில் ஒன்று. காய்ந்த கதிரின் மேல் தண்ணீர் தெளித்துவிட்டுக் காது கொடுத்தால் டிக் டிக் என்று சத்தமே கேட்கும். ருயெல்லியாவும் அப்படித்தான். சிறுவர்கள் எச்சில் தொட்டு வைத்து வெடிக்கவிடும் பட்டாஸ்காய் அந்தக் குடும்பம்தான். இவற்றுக்கு அதிகாலைப் பனி ஆகவே ஆகாது. நன்றாகக் காய்ந்த நண்பகலில், சத்தமில்லாமல் கதிரை வெட்டிப் பைக்குள் இறக்கிவிட வேண்டும். முக்கியமாக, கெடு தேதி காலண்டரில் இல்லை, அடுத்த மழையில் இருக்கிறது. மேலிருந்து குழாயைப் பீய்ச்சித் தண்ணீர் விடுபவராக இருந்தால் மழை வரைகூட இல்லை. நான் ஒரு மாலை, கனகாம்பரத்தின் காய்ந்த கதிர்களை 'நாளை காலை வெட்டலாம்' என்று விட்டுவிட்டு, பழக்கதோஷத்தில் செடி முழுக்க நனையத் தண்ணீர் விட்டேன். வெட்ட வேண்டிய வேலையே மிச்சமில்லை. விதைப்பு முடிந்து, நீர்ப்பாய்ச்சலும் முடிந்திருந்தது.

இந்த இரண்டு சாதியிலும் சேராதவை, பெரிய விதையைக் காலடியிலேயே போடுபவை. அந்திமந்தாரை அப்படி: பூவுக்கு ஒரே ஒரு விதை, மிளகு போலக் கறுத்ததும் நேரே கீழே விழும். வெட்ட மறந்தாலும் கூட்டிப் பெருக்கி எடுத்துவிடலாம். விதை விஷம் என்பதால் குழந்தைகள் இருக்கும் வீட்டில் எடுத்துவிடுவதே நல்லது. கிழங்கு இருப்பதால் மேலே ஒட்ட வெட்டினாலும் செடி சாகாது. நித்தியகல்யாணி இரட்டை இரட்டையாக மெல்லிய காய் பிடித்து, மஞ்சளித்த பிறகு ஓரமாகப் பிளந்து, கறுப்புப் பொடி விதைகளைச் சிந்தும். அதன் விதைக்கு முளைக்க இருட்டு வேண்டும், ஆகவே கல் இடுக்கும் தளவெடிப்பும் அதற்கு மிகவும் பிடித்த இடம். சுவர் விரிசலில் தன்னந்தனியாக நின்று பூக்கும் நித்தியகல்யாணியை யாரும் நட்டிருக்க மாட்டார்கள்.

சரி, அப்படியானால் எல்லா விதையையும் விழாமல் தடுத்துவிடுவதுதான் நல்ல தோட்ட வேலையா?

இல்லை. தானே விதைத்துக்கொள்ளும் பல்லாண்டுச் செடிகளில் பெரும்பங்கு, பேருக்குத்தான் பல்லாண்டு. அக்விலீஜியா, கையார்டியா, வெர்பினா பொனாரியென்சிஸ், லிக்னிஸ் கொரோனாரியா, துளசி எல்லாம் சில வருடங்களில் ஓய்ந்துவிடும். தூர் கட்டையாகி, நடு காய்ந்து, ஒரு குளிரிலோ ஒரு பெருமழையிலோ போய்விடும். அவை தோட்டத்தில் 'நிலைத்து' இருப்பதாக நமக்குத் தோன்றுவது, அம்மா போன இடத்தில் பிள்ளை நிற்பதால்தான். விதைக்காயை ஒன்றுவிடாமல் கிள்ளிக்கொண்டே வந்தால் செடி கூடுதலாக ஒரு பருவம் பூக்கும், உண்மைதான். ஆனால் வாரிசு இருக்காது. 'நன்றாகத்தான் பார்த்துக்கொண்டேன், ஏனோ பட்டுப்போய்விட்டது' என்று சொல்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, விதைக்கு ஏதாவது விட்டீர்களா என்றுதான்.

நேர்மாறாக, தூர் பலமாக இருந்து ஆண்டாண்டாக வாழ்கிற செடிகளும் உண்டு: ருயெல்லியா, சோம்புச் செடி, பூண்டு மணமுள்ள சைவ்ஸ், லெமன் பாம், ஆல்கெமில்லா. இவற்றுக்கு வாரிசு அவசியமே இல்லை, அம்மாவே நம்மைவிட நீண்ட நாள் இருப்பாள். இங்கே கண்டிப்பாக இருக்கலாம். சைவ்ஸின் வெள்ளைப் பூங்கொத்து வாடி, உள்ளே கறுப்பு விதை தெரியும் முன் காம்பை அடியோடு வெட்டிவிடுங்கள். சோம்பின் குடைக்கொத்தைப் பச்சையாக இருக்கும்போதே எடுங்கள். அதன் நாற்று சின்னதாக இருக்கும்போதே ஆணிவேர் இறக்கிவிடும், அப்புறம் பிடுங்கினால் தழை மட்டும்தான் கையில் வரும். ஆல்கெமில்லா இன்னும் வேடிக்கை. மகரந்தச் சேர்க்கையே இல்லாமல் விதை கட்டும், ஒவ்வொரு நாற்றும் தாயின் அச்சாகவே இருக்கும். அதன் பூ மங்கத் தொடங்கியதும் பூ, இலை எல்லாவற்றையும் சேர்த்து மொட்டையடித்துவிடலாம். தண்ணீர் விட்டால் சில வாரத்தில் புத்தம்புது இலைகளோடு வந்துவிடும். இங்கே மட்டும் விதையைத் தடுப்பதும் செடியைப் புதுப்பிப்பதும் ஒரே நாளில் முடிகிறது.

ஆக, ஒரு செடியின் முன் கத்தரியோடு நிற்கும்போது முதலில் யோசிக்க வேண்டியது அதன் ஆயுளைத்தான். குறுகிய ஆயுள் என்றால் ஒன்றிரண்டு விதைத்தலைகளை விட்டு மற்றதை எடுங்கள். நீண்ட ஆயுள் என்றால் முழுவதையும் எடுங்கள்.

எதை விடுவது என்பதில் கொஞ்சம் சுயநலம் காட்டலாம். அக்விலீஜியா போன்றவை ஒன்றோடொன்று தாராளமாகக் கலக்கும். விதையிலிருந்து வருவது தாயைப் போல இருக்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. பெயர் வைத்து விற்கப்படும் கலப்பின எக்கினேசியாக்களும் அப்படியே. அவற்றின் நாற்று பெரும்பாலும் சாதாரணச் செடியாகத்தான் வரும். எனவே பூத்திருக்கும்போதே உங்களுக்குப் பிடித்த நிறத்துச் செடியின் தண்டில் ஒரு நூலைக் கட்டி அடையாளம் வையுங்கள். காயான பிறகு எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரியும். நூல் கட்டியதை விட்டு மற்றவற்றின் காயை எடுத்துவிட்டால், சில வருடங்களில் தோட்டத்தின் நிறமே நீங்கள் நினைத்த பக்கம் நகரும். என் அக்விலீஜியாக்கள் முதலில் ஊதாவும் மங்கிய ரோஜா நிறமும் கலந்த குழப்பமாக இருந்தன. நாலு வருடம் அடர்ஊதாவை மட்டும் விதைக்க விட்டேன். இன்றும் எங்காவது ஒரு ரோஜா நிறம் எட்டிப் பார்க்கும், ஆனால் அது இப்போது விருந்தாளி மாதிரி.

அக்விலீஜியாவின் காய் நிமிர்ந்து நிற்கும் கிண்ணம் போல இருக்கும், மேலே மட்டும் திறக்கும். அதனால் தண்டை நேராகவே பிடித்து வெட்டி, வேண்டிய இடத்துக்குக் கொண்டுபோய் மிளகுப்பொடி தூவுவது போல ஆட்டிவிடலாம். மண்ணைப் போட்டு மூட வேண்டாம், அந்த விதைக்கு வெளிச்சம் வேண்டும். ஃபாக்ஸ்குளோவுக்கும் அப்படித்தான். ஃபாக்ஸ்குளோவ் கணக்குப்படி ஈராண்டுச் செடி. ஆனால் நடுக்கதிரை விதை கட்டும் முன் வெட்டினால் சிலசமயம் பக்கக் கதிர் விட்டு இன்னொரு வருடமும் பிழைத்திருக்கும். விதை கட்டி முடித்ததோ, வேலை முடிந்தது என்று போய்விடும்.

சிலவற்றுக்கு இந்தத் தலைவலியே கிடையாது. ஜெரேனியத்தில் 'ரோஸான்' என்ற ரகமும் நெபெட்டாவில் பரவலாக வளர்க்கப்படும் ஃபாசெனி கலப்பும் மலடு. அவற்றை நீங்கள் வெட்டுவது அழகுக்கும் மறுபூப்புக்கும் மட்டுமே. செடியின் சரியான பெயர் தெரிந்திருந்தால் எத்தனை வேலை மிச்சம் என்பதற்கு இது ஒன்றே போதும்.

இனி இரண்டாவது வெட்டு, அதாவது தண்டையும் தழையையும் தூர்வரை வெட்டுவது.

பூ முடிந்த கையோடு செய்ய வேண்டியது சில செடிகளுக்குத்தான். மேலே சொன்ன ஆல்கெமில்லா, ஜெரேனியம், நெபெட்டா, பூத்து ஓய்ந்து இலையில் சாம்பல்நோய் பிடித்தவை, இலைத்துளைப்பான் புழு இலையில் கோலம் போட்ட அக்விலீஜியா. இவற்றின் அடியில் விரல் விட்டுப் பாருங்கள், பெரும்பாலும் புதுக் குருத்து காத்திருக்கும். அதற்கு மேலாக வெட்டித் தண்ணீர் விட்டால் போதும். குருத்தே இல்லாமல் வெறும் கட்டையாக இருந்தால் ஒட்ட வெட்டாதீர்கள், பாதி உயரத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். துளசி, லாவெண்டர் மாதிரி அடி மரமாகிவிட்ட செடிகளில் இலையே இல்லாத பழைய கட்டை வரை வெட்டினால் திரும்பத் துளிர்க்காமல் போகலாம். எப்போதும் கொஞ்சம் பச்சை மிஞ்சட்டும். கடும் கோடையின் உச்சத்திலும் மொட்டையடிக்கக் கூடாது. இலை நிழல் போனதும் தூர் நேர் வெயிலில் வெந்துவிடும்.

மற்றவற்றை, குளிர் கடுமையாக இருக்கும் இடமென்றால், குளிர்காலம் முழுக்க அப்படியே விட்டுவிடுவது என் கட்சி. காய்ந்த தண்டு குப்பை மாதிரித் தெரியும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அது மூன்று வேலை பார்க்கிறது. தூருக்குப் போர்வையாக இருக்கிறது. வெர்பினா பொனாரியென்சிஸ் போலக் குளிர் தாங்காத செடிகளில் இலையுதிர்காலத்திலேயே தண்டை ஒட்ட வெட்டினால், வெட்டுவாய் வழியாக ஈரமும் உறைபனியும் இறங்கித் தூரையே அழுக வைக்கலாம். பறவைகளுக்கு எக்கினேசியா, ருட்பெக்கியா கொண்டைகள் தீவனம். கோல்ட்ஃபிஞ்ச் குருவிகள் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு கொத்தும். அவை தின்னும் ஒவ்வொரு விதையும் நீங்கள் பிடுங்க வேண்டாத ஒரு நாற்று. மூன்றாவது, தனியாக வாழும் சிறு தேனீ இனங்கள் சில, உள்ளே குழலாகவோ மெத்தென்றோ இருக்கும் தண்டுகளுக்குள் முட்டையிட்டு, அதன் குஞ்சுகள் அங்கேயே குளிரைக் கழிக்கின்றன. இலையுதிர்காலத்தில் வெட்டி எரித்தால் அடுத்த வருடத்துத் தேனீக்களையும் சேர்த்து எரிக்கிறோம்.

அப்படியானால் எப்போது? பகல் வெப்பம் தொடர்ச்சியாக 10 டிகிரி செல்சியஸைத் தாண்டி, அடியில் குருத்து தெரிய ஆரம்பிக்கும்போது. அப்போதும் தரையோடு தரையாக வேண்டாம். 20 முதல் 60 சென்டிமீட்டர் வரை ஏற்ற இறக்கமாகத் தண்டை விட்டு வெட்டுங்கள். அந்தத் திறந்த முனைதான் புதிதாக வரும் தேனீக்களுக்கு வாசல். சில வாரத்தில் புதுத் தழை எழும்பி அந்தக் கட்டைகளை மறைத்துவிடும். வெட்டிய தண்டுகளை உடனே பொடியாக்காமல் ஒரு மூலையில் சாய்த்து வைத்தால் உள்ளே இருப்பவை வெளியேற வழி கிடைக்கும்.

இதில் ஒரு முரண்பாடு இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். விதைக்காக முன்னதாக வெட்டச் சொல்கிறேன், பறவைக்கும் தேனீக்கும் விட்டுவைக்கச் சொல்கிறேன். இரண்டும் ஒத்துப்போகும் வழி, தலையை எடுத்துத் தண்டை விடுவதுதான். அளவுக்கு மீறிப் பரவும் செடியின் பூந்தலையை மட்டும் நேரத்தோடு கிள்ளிவிட்டு, தண்டைக் குளிர்காலம் முழுக்க நிற்க விடுங்கள். அடக்கமாகப் பரவும் எக்கினேசியா போன்றவற்றில் தலையையும் விட்டுவிடுங்கள். முழு மொட்டை, அல்லது தொடவே கூடாது என்று இரண்டே வழிதான் இருப்பதாக நினைத்துத்தான் ஆட்கள் சண்டை போடுகிறார்கள்.

உறைபனி இல்லாத வெப்பமான இடங்களில் இந்தக் குளிர்காலக் கணக்கு பொருந்தாது. அங்கே நித்தியகல்யாணியும் ருயெல்லியாவும் சங்குப்பூவும் வருடம் முழுக்கப் பூத்து, வருடம் முழுக்க விதைக்கும். ஒருநாள் பெருவெட்டு என்று ஒன்று கிடையாது, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கத்தரியோடு ஒரு சுற்று வருவதுதான் முறை. வருடத்தில் ஒருமுறை, மழைக்காலம் தொடங்கி வளர்ச்சி சூடுபிடிக்கும் நேரத்தில், செடியை மூன்றில் ஒரு பங்கு உயரத்துக்குக் கவாத்து செய்யலாம். நனைந்தால் வெடிக்கும் சாதியை மட்டும் மழைக்குப் பின் அல்ல, முன்.

வெட்டியதை எங்கே போடுவது என்பதும் வெட்டும் நேரத்தோடு சேர்ந்த கேள்விதான். பால்பிடிக்காத பச்சைக் காய், வாடிய பூ எல்லாம் மட்குக் குழிக்குப் போகலாம். முற்றிய விதை போகக் கூடாது. குவியல் உள்ளே 55, 60 டிகிரி வரை சூடேறி, அந்தச் சூடு சில நாள் நிலைத்து, ஓரத்தில் இருப்பதும் நடுவுக்கு வரும்படி புரட்டிப் போட்டால்தான் விதை சாகும். வீட்டுத் தோட்டத்தில் மெல்ல மட்கும் குவியல்கள் அந்தச் சூட்டை எட்டுவது அபூர்வம். மறு வருடம் அந்த மட்கை எடுத்து, சோம்பே இல்லாத பாத்தியில் பரப்பி, சோம்பு முளைத்து நிற்பதைப் பார்த்து வியக்க நேரிடும். நான் வியந்திருக்கிறேன்.

கொஞ்சம் அசட்டையாக இருந்தால் என்ன, அடுத்த வருடம் பிடுங்கிக்கொள்ளலாமே என்று கேட்கலாம். விதை அடுத்த வருடமே முளைத்துத் தீர்ந்துவிட்டால் சரி. 1879-ல் அமெரிக்காவின் மிச்சிகனில் வில்லியம் ஜேம்ஸ் பீல் என்ற தாவரவியலாளர் பலவகை விதைகளை மணலோடு கலந்து 20 புட்டிகளில் போட்டுப் புதைத்தார், எவ்வளவு காலம் உயிரோடு இருக்கும் என்று பார்க்க. 2021-ல் ஒரு புட்டியைத் தோண்டி எடுத்தபோதும், அதாவது 142 வருடம் கழித்தும், அதிலிருந்து வெர்பாஸ்கம் முளைத்தது. வெர்பாஸ்கம் பல தோட்டங்களில் அழகுக்காக வளர்க்கும் செடி. எல்லா விதையும் இப்படி இல்லை, பல ஓரிரு வருடத்தில் செத்துவிடும். ஆனால் சங்குப்பூ போலக் கெட்டித் தோல் உள்ளவை ஒரே மழையில் எல்லாம் முளைக்காமல் தவணை முறையில் வரும். ஒரு தடவை தவறவிட்டால் அதன் கணக்கைத் தீர்க்கப் பல பருவம் ஆகும்.

தவறவிட்டாயிற்று, விதை விழுந்துவிட்டது என்றால்? மண்ணைக் கிளறாதீர்கள். கிளறினால் அடியில் உறங்கும் பழைய விதையும் மேலே வந்து வெளிச்சம் காணும். மண்ணே தெரியாதபடி காய்ந்த இலை, வைக்கோல் என்று 5 முதல் 8 சென்டிமீட்டர் கனத்தில் மூடாக்கு போட்டால், வெளிச்சம் தேடும் பொடி விதைகளில் பெரும்பாலானவை முளைக்காது. சரளைக்கல் பரப்புவது மூடாக்கு ஆகாது. அது தானே முளைக்கும் செடிகளுக்கு நாற்றங்கால் மாதிரி. அதையும் மீறி வருபவற்றை விதையிலை பருவத்திலேயே, அதாவது முளைத்ததும் விரியும் முதல் இலைகள் மட்டும் இருக்கும்போதே, காய்ந்த வெயில் நாளில் களைக்கொத்தியால் மேலாக ஒரு சீவு சீவினால் அங்கேயே வாடிவிடும். ஆனால் எது செடி, எது களை என்று விதையிலையில் தெரியாது. வைத்துக்கொள்ள நினைக்கும் செடியின் அடுத்த ஜோடி இலை எப்படி இருக்கும் என்பதை ஒரு தடவை கவனித்துப் படம் எடுத்து வைத்துக்கொண்டால், பிறகு சீவும்போது கை தயங்காது.

ஒன்றே ஒன்று கண்டிப்போடு சொல்ல வேண்டியிருக்கிறது. நீங்கள் இருக்கும் பகுதியில் ஒரு செடி தோட்டத்தைத் தாண்டி ஓடையோரத்தையும் காட்டையும் பிடிக்கிற ஆக்கிரமிப்புச் செடி என்று அறியப்பட்டிருந்தால், இதுவரை சொன்ன 'ஒன்றிரண்டு தலையை விட்டுவையுங்கள்' எதுவும் அதற்குப் பொருந்தாது. வட அமெரிக்காவில் ஈரநிலங்களை நிரப்பிய லித்ரம் சாலிகாரியா அழகான செடிதான். நன்றாக வளர்ந்த ஒரு செடி வருடத்துக்கு 20 லட்சத்துக்கும் மேல் விதை தரும். ஃபுளோரிடாவில் ருயெல்லியா சிம்ப்ளெக்ஸும் நியூசிலாந்தில் லூபினும் இதே கதைதான். அப்படிப்பட்டதை மொட்டிலேயே வெட்டுங்கள், முடிந்தால் வேரோடு எடுத்துவிடுங்கள். யூஃபோர்பியா வகை என்றால் கையுறை போட்டுக்கொண்டு எடுங்கள், அதன் பால் தோலை எரிக்கும், கண்ணில் பட்டால் பெரிய அவதி.

இனி உங்கள் செடிகளுக்கு வருவோம். பட்டியல் எதுவும் நீங்கள் தரவில்லை, அதனால் நானாக இருந்தால் இந்த வாரம் எப்படித் தொடங்குவேன் என்று சொல்கிறேன். தோட்டத்தை ஒரு சுற்று சுற்றி, ஒவ்வொரு செடியிலும் ஒரு காயை நசுக்கிப் பார்ப்பேன். முற்றியது கிடைத்தால் அந்தச் செடி முதலில். காகிதப் பையைத் தலைகீழாகக் கதிரின் மேல் கவிழ்த்து, வாயைக் கையால் இறுக்கிப் பிடித்து, கீழே வெட்டி, பையோடு நிமிர்த்திவிடுவேன். பால் பருவத்தில் இருப்பவை அடுத்த வாரம் காத்திருக்கும். குறுகிய ஆயுள் உள்ளவற்றில் நல்லதாக இரண்டு தண்டுக்கு நூல் கட்டுவேன். தூர்வரை வெட்டும் வேலையை அன்றைக்குத் தொடவே மாட்டேன்.